உபதேசியார் நாற்காலி

வெறும் மரம்தான் என்றால், அதை ஏன் உடைக்க வேண்டும்?

ஞாயிறு வகுப்பில் ஒருவன் இந்தக் கேள்வியைக் கேட்டான். அன்றைய பாடம் பத்துக் கட்டளைகளில் விக்கிரகத்தைப் பற்றிய கட்டளை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று அப்போஸ்தலரே சொல்லியிருக்கிறார். ஒன்றுமில்லாத ஒன்றுக்காகக் கல்லெறிந்து கொல்லும் தண்டனை, மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தில் எதற்கு என்றான். வகுப்பில் யாருக்கும் பதில் தெரியவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, வேலையும் கிடைக்காமல், பினாங்குத் தெருக்களில் அலைந்த நாட்களில் அந்தக் கேள்வி கூடவே அலைந்தது. பிறகு நல்லம்மாள் என்ற ஒரு அம்மாள், இறந்துபோன தன் கணவரைப் பற்றிச் சொன்னார். அவர் சொன்னதுதான் இது.

அவருடைய கணவரின் பெயர் அருமைநாயகம். அது ஞானஸ்நானத்தில் வந்த பெயர். அதற்கு முன் வேலு. பின்னாளில் அவர் குடியிருந்த சந்தில் பாதிப்பேர் கடைசிவரை வேலு என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தியதில்லை.

பினாங்குக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊர்ப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் அவர். ஒப்பந்தம் தீர்ந்ததும் படகேறித் தீவுக்கு வந்து, ஆயர் ஈத்தாமில் சாலை போடுகிற கூட்டத்தோடு சேர்ந்தார். அங்கே காடு வெட்டும்போது ஒருவனைப் பாம்பு கடித்துவிட்டது. மற்றவர்கள் மண்வெட்டியைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். "ஏதாவது செஞ்சு இவனுங்களை எழுப்புடா" என்றார் கங்காணி. வேலு ஓடையில் இறங்கினார். கைக்கு அடக்கமான கறுப்புக் கல் ஒன்றை எடுத்து வந்தார். மரத்தடியில் நட்டு, குங்குமம் வைத்து, ஒரு பூவும் வைத்தார். ஆட்கள் கும்பிட்டுவிட்டு வேலைக்கு இறங்கினார்கள்.

அத்தோடு முடிந்தது என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அடுத்த வருஷம் கல்லுக்குத் தகரக் கூரை வந்தது. பக்கத்துக் காய்கறித் தோட்டத்துச் சீனர்கள் ஊதுபத்தி கொண்டுவந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சேவல் கொடுக்கும் வழக்கமும் வந்தது. எந்த ஓடையில், எந்த வளைவில் எடுத்த கல் என்று வேலுவுக்குத் தெரியும். அதனால் ஒரு வருஷம் அவர் தன் பங்குக்குச் சேவல் கொடுக்காமல் இருந்துவிட்டார். அந்த மாதம் அவருக்கும் நல்லம்மாளுக்கும் பிறந்த முதல் பிள்ளை, பால்குடி மறக்காத ஆண் குழந்தை, இறந்தது. கல்தான் எடுத்துக்கொண்டது என்று அவர் நம்பினார். தன் கையால் எடுத்து, தன் கையால் நட்ட கல்லின் முன்னால் விழுந்து, மண்ணில் நெற்றியைத் தேய்த்து மன்னிப்புக் கேட்டார்.

அந்தப் பயத்தோடுதான் அவர் ஆசீர்வாதம் உபதேசியாரைச் சந்தித்தார். உபதேசியார் தமிழ்ச் சபைக்காக வீடு வீடாகப் போய் வேதம் சொல்கிறவர். வேலு கதை முழுவதையும் சொல்லி முடித்தார்.

"அந்தக் கல்லை நட்டது யாரு?" என்று கேட்டார் உபதேசியார்.

"நான்தாங்க."

"அப்ப யாருக்கு யாரு பயப்படணும்?"

வேலு சிரித்துவிட்டார். பிள்ளை இறந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான் என்று நல்லம்மாள் சொன்னார்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அவருக்குச் சபையிலேயே வேலை கிடைத்தது. துறைமுகத்துக்குப் போகும் தெருக்களில் ஒன்றிலிருந்து பிரிகிற சந்தில், பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றைத்தான் சபை ஆலயமாக வைத்திருந்தது. பெருக்குவது, மணி அடிப்பது, விளக்கேற்றுவது, பெஞ்சுகளைத் துடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கோயில்குட்டி என்பார்கள் அந்த வேலையை. ஆலயத்தின் பின்புறம் இருந்த அறையில் குடியிருந்தார்கள். நீண்ட நாள் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. கிருபை என்று பெயர் வைத்தார்கள்.

ஆலய வாசலை அடுத்து ஒரு நாற்காலி இருந்தது. சீனத் தச்சர் செய்தது. பிரம்பு பின்னிய இருக்கை, அகலமான இரண்டு கைகள். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதில் உட்காருவார். கூலிக்காரர், பால்காரர், வீட்டு வேலை செய்கிற பெண்கள் என்று சனங்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள். சபையைச் சேராதவர்களும் வருவார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்து ஜெபிப்பார்.

உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவிய வருஷம் அது பினாங்கையும் விடவில்லை. உபதேசியார் காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனார். கடைசியில் அவரும் படுத்தார், எழுந்திருக்கவில்லை.

நாற்காலி மட்டும் வாசலில் நின்றது. அதில் யாரும் உட்காரவில்லை. உட்கார மனம் வரவில்லை. அருமைநாயகம் சனிக்கிழமைதோறும் மற்ற பெஞ்சுகளைத் துடைக்கும்போது அதையும் துடைப்பார். ஒரு சனிக்கிழமை, ஆலயத்துக்கு வாங்கிய மல்லிகையில் கொஞ்சம் மீதி இருந்தது. அதை அந்தப் பிரம்பு இருக்கையில் வைத்தார். அன்பினால்தான் வைத்தார். வேறு ஒரு எண்ணமும் அவருக்கு இல்லை. அடுத்த சனிக்கிழமையும் வைத்தார்.

காமாட்சி என்ற பால்காரி அதைப் பார்த்துக்கொண்டே போவாள். அவள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனால் உபதேசியாரிடம் ஒருமுறை அழுது ஆறுதல் பெற்றவள். அவள் பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடி வந்து, நாற்காலியின் கையைத் தொட்டுப் பிள்ளையின் நெஞ்சில் தடவினாள். பிள்ளைக்கு மூச்சு சீரானது. அவள் பால் ஊற்றுகிற வீடுகளிலெல்லாம் அதைச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சனங்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். பிறகு பூ கொண்டுவந்தார்கள். ஒருத்தி நாற்காலிக் காலில் மஞ்சள் கயிறு கட்டினாள். சபைக்காரர்களும் உள்ளே போகுமுன் நாற்காலியைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அருமைநாயகத்துக்குப் பெருமையாகக்கூட இருந்தது. உபதேசியாரை இவ்வளவு பேர் மறக்காமல் இருக்கிறார்களே என்று நினைத்தார்.

சந்து முனையில் அப்துல் ஹமீது தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் காலை அருமைநாயகம் தேத்தண்ணிக்குப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே கோப்பையை நகர்த்தினார்.

"வேலண்ணே, எங்க பக்கம் ஒரு கெராமாத் இருக்கு. சீனன் பக்கம் ஒண்ணு இருக்கு. உங்க சபைக்குத்தான் இல்லாம இருந்துச்சு. இப்ப உங்களுக்கும் வந்திருச்சிலா."

இறந்துபோன பெரியவர் ஒருவரின் சக்தி தங்கியிருக்கிறது என்று நம்பி, எல்லா சாதிக்காரரும் வந்து ஊதுபத்தி கொளுத்துகிற இடத்தைப் பினாங்கில் கெராமாத் என்பார்கள்.

"என்ன பாய் பேசுறீங்க?" என்றார் அருமைநாயகம்.

"நான் எங்க பேசுறேன்? ஒரு சீனக் கிழவி வந்து, உபதேசியார் கெராமாத் எங்கன்னு கேட்டுச்சு. கையில ஊதுபத்திக் கட்டு. நான்தான் கைகாட்டி விட்டேன். ஏன்ணே, தப்பா?"

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு அவர் ஓடினார். நாற்காலியின் முன்னால் பால் டின் ஒன்றில் மண் நிரப்பி, அதில் ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன. யாரோ இருக்கையின் நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஆயர் ஈத்தாம் மரத்தடி அவர் கண் முன்னால் வந்து நின்றது. முதலில் ஒரு பூ. பிறகு ஊதுபத்தி. அங்கேயும் பூ வைத்தது அவர்தான்.

அன்றே நாற்காலியைத் தூக்கி, துடைப்பமும் சுண்ணாம்பு வாளியும் கிடக்கிற சின்ன அறையில் போட்டார். ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர் தங்கையா அதைக் கண்டுபிடித்தார். அவர் கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதுகிற கிராணி. நல்ல மனுஷர், சபை வளர வேண்டும் என்ற ஆசை உள்ளவர்.

"நாற்காலி எங்க, அருமைநாயகம்?"

"உள்ள போட்டிருக்கேன் ஐயா. சனங்க கும்பிடுறாங்க."

"கும்பிடல. மரியாதை பண்றாங்க. அவர் உயிரைக் குடுத்தவர். அது வெறும் நாற்காலி."

"வெறும் நாற்காலின்னா, துடைப்பம் பக்கத்தில கிடந்தா என்னங்க ஐயா?"

தங்கையா சிரித்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. முன்னெல்லாம் பாதி பெஞ்சு காலியா கிடக்கும். இப்ப வாசல் வரைக்கும் ஆளு. நாற்காலியைப் பாக்க வர்றவன் நாளைக்கு வசனம் கேப்பான். போதகர் வரட்டும், அவர்கிட்ட கேப்போம். அதுவரைக்கும் இருந்த இடத்திலேயே போடு."

போதகர் தைப்பிங் ஊர்ச் சபையையும் பார்த்துக்கொண்டு இதையும் பார்க்கிறவர்; எப்போதாவதுதான் வருவார். அருமைநாயகம் நாற்காலியைத் திரும்பவும் வாசலில் போட்டார். பூ வைப்பதை மட்டும் நிறுத்தினார். அவர் நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை. வைப்பதற்கு இப்போது எத்தனையோ கைகள் இருந்தன.

துடைக்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு நினைவு வரும். அதே நாற்காலியில் உட்கார்ந்து உபதேசியார் சொன்ன பாடம். வனாந்தரத்தில் பாம்பு கடித்த சனங்களுக்காக மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்தார். ஆண்டவர் செய்யச் சொன்னதுதான் அது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்ததும் உண்மைதான். ஆனால் வெகு காலம் கழித்து சனங்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்தெறிந்தார். வெண்கலத் துண்டு என்று அதற்குப் பெயரும் வைத்தார். "ஆண்டவர் குடுத்ததையே ஆண்டவர் இடத்தில வச்சா அதையும் உடைக்கத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டு, உபதேசியார் நாற்காலியின் கையைத் தட்டினார். எதற்காகத் தட்டினார் என்று அப்போது தோன்றவில்லை. பேச்சின் வேகத்தில் தட்டியிருப்பார்.

மழைக்காலம் முடிகிற சமயம் கிருபைக்குக் காய்ச்சல் வந்தது. குளிரில் நடுங்கி, பிறகு கொதித்து, பிதற்றினாள். அருமைநாயகம் விளக்குக்கு எண்ணெய் வாங்கப் பாசாருக்குப் போய்த் திரும்பியபோது நல்லம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வந்து தொட்டுப் பாருங்க. வேர்த்துக் கொட்டியிருக்கு. சூடு விட்டிருச்சு."

"ஸ்தோத்திரம்" என்றார் அவர்.

"நாற்காலியில உக்கார வச்சேன்" என்றாள் நல்லம்மாள்.

அவருக்குத் திட்ட வாய் வரவில்லை. பிள்ளையின் நெற்றி குளிர்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்றதெல்லாம் சின்னதாகத் தெரிந்தது. ஆனால் அது விட்டு விட்டு வருகிற காய்ச்சல். மறுபடி வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கொடுத்து அனுப்பினார்கள். வீட்டில் வைத்துக் கொடுக்கும்போது கிருபை வாயை இறுக மூடிக்கொள்வாள்.

"இந்தக் கசப்பு இயேசப்பாவுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்டி கண்ணு. சிலுவையில அவருக்கும் கசப்புக் குடுத்தாங்க."

"அவரு குடிச்சாரா?"

"ருசி பாத்துட்டு வேணாம்னுட்டாரு."

"எனக்கும் வேணாம்" என்றாள் கிருபை. சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர் மருந்தை ஊற்றினார்.

நல்லம்மாள் நாள்தோறும் பிள்ளையை நாற்காலிக்குத் தூக்கிப் போனாள். அவர் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தார். ஒரு மத்தியானம் ஆலயத்தில் யாரும் இல்லை. அவர் பெருக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தார். துடைப்பம் கையிலிருந்து நழுவிக் கிடப்பதும், தன் வலக்கை நாற்காலியின் கையைப் பற்றியிருப்பதும் சற்றுப் பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தன் வாய் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் காதில் விழுந்தது.

"உபதேசியாரே, பிள்ளையை விட்டுறாதீங்க. உபதேசியாரே, பிள்ளையை விட்டுறாதீங்க."

சுடுகிற சட்டியைத் தொட்டவர் போல் கையை உதறினார். உன் கூடப்பிறந்தவனோ, உன் மனைவியோ இரகசியமாக வந்து வேறே தெய்வங்களைச் சேவிக்கலாம் வா என்று அழைத்தாலும் இரங்காதே. கல்லெறிய முதலில் எழும்புகிற கை உன் கையாக இருக்கட்டும் என்று நியாயப்பிரமாணத்தில் கண்டிருக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், எப்படிப்பட்ட கொடிய சட்டம் என்று அவருக்குத் தோன்றும். அன்று வேறொன்று தோன்றியது. இந்தச் சந்தில் அந்தச் சட்டத்தை நிறைவேற்ற வந்தால் முதல் கல் யார் மேல் விழும்? நல்லம்மாள் மேலா, காமாட்சி மேலா? முதல் பூவை வைத்தவன் மேல்தானே?

அவர் நேரே வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்தார். நல்லம்மாளுக்குப் புரிந்துவிட்டது. வாசலை மறித்து நின்றாள். உள்ளே பாயில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வேணாங்க. பிள்ளை எழுந்து நடக்கட்டும். அப்புறம் நீங்களே உடைங்க, நான் தடுக்கல."

"எழுந்து நடந்தா, நாற்காலிதான் நடக்க வச்சுதுன்னு உடைக்க மாட்டேன். நடக்கலேன்னா, இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாப்போம்னு உடைக்க மாட்டேன். எனக்கு என்னைத் தெரியும், நல்லம்மா."

"பிள்ளைக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா?"

அவர் பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.

"மூத்தவன் போனப்ப கல்லுக்கு முன்னால விழுந்தேனே, அதே மாதிரி மறுபடி விழுந்துருவேனோன்னுதான் பயமா இருக்கு" என்றார் கடைசியில். "அதுக்குத்தான் இப்பவே. நான் பயந்துகிட்டு இருக்கும்போதே."

அவள் விலகவில்லை. அவர் பின் வாசல் வழியாகப் போனார்.

பட்டப்பகலில், ஆலயத்தின் பின்முற்றத்தில் வைத்து நாற்காலியைப் பிளந்தார். நல்ல மரம், நாலைந்து வெட்டுக்கு மசியவில்லை. சத்தம் கேட்டுச் சந்தே கூடிவிட்டது. மஞ்சள் கயிற்றையும் குங்குமத்தையும் பார்த்துக்கொண்டேதான் வெட்டினார். வியர்வையோடு கண்ணீரும் வந்தது. அது அவர் அன்பு வைத்த மனிதரின் நாற்காலி. பிறகு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். திரும்பி வந்தபோது நல்லம்மாள் துண்டுகளை வாரி அடுப்படியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிள்ளைக்குக் கஞ்சி அந்த விறகில்தான் வெந்தது.

காமாட்சி வாசலில் நின்று அழுதாள். "என் பிள்ளைக்கு மூச்சைக் குடுத்த இடத்தை வெட்டிப் போட்டுட்டியே அண்ணே. உனக்கும் ஒரு பிள்ளை உள்ள கிடக்குதே, நெனச்சுப் பாத்தியா?"

"அதை நெனச்சுத்தாம்மா வெட்டினேன்" என்றார் அவர். அவளுக்கு அது விளங்கவில்லை.

சாயங்காலம் தங்கையா வந்தார். அவர் சத்தம் போடவில்லை. கை நீட்டினார். "ஆலயச் சாவியைக் குடு." அருமைநாயகம் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். போதகர் வரும்வரை அறையில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு மூப்பர் போனார்.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பேச்சில்லை. அவர் பிள்ளையை மறுபடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். மருந்தைத் தவிரச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். நல்லம்மாள் பாயை விட்டு நகராமல் இருந்தாள். அவர் எதிர்ச் சுவரோரம் முழங்காலில் நின்றார். ஒரு வாரம் காய்ச்சல் ஏறியும் இறங்கியும் விளையாடியது. பிறகு ஒரு காலை, அவர் மருந்துத் தண்ணீர் காய்ச்ச எழுந்து போயிருந்த நேரத்தில், கிருபை இறந்துபோனாள்.

சந்து முழுவதும் வந்தது. யாரும் கொடூரமாகப் பேச வரவில்லை. ஆனால் முற்றத்தில் உட்கார்ந்தவர்கள் மெல்லப் பேசிக்கொண்டது உள்ளே கேட்டது.

"கெராமாத்தில கை வச்சா விடுமா?"

"எங்க ஆளுங்களே அதுல கை வைக்கப் பயப்படுவாங்க" என்றார் ஹமீது. அவர் கண்கள் சிவந்திருந்தன. "சொல்லியிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

தங்கையா உள்ளே வந்து அருமைநாயகத்தின் தோளில் கை வைத்தார். "அவசரப்பட்டுட்டே அருமைநாயகம்" என்றார். பரிவோடுதான் சொன்னார்.

அருமைநாயகம் தலை நிமிரவில்லை. வெளியே அவர்கள் பேசியதைத்தான் அவர் மனமும் உள்ளே பேசிக்கொண்டிருந்தது. ஆயர் ஈத்தாம் கல் திரும்ப வந்துவிட்டது. சேவல் கொடுக்கவில்லை, பிள்ளை போனான். நாற்காலியை உடைத்தேன், பிள்ளை போனாள். அடுப்படியில் இருந்த சாம்பலை அவர் பார்த்தார். அதன் முன்னால் போய் விழுந்து, என்னை மன்னித்துவிடு என்று சொல்லத் தோன்றியது. முழங்கால்கூட மடங்கிவிட்டது.

அப்போது நல்லம்மாள் எழுந்தாள். பிள்ளை படுத்திருந்த பாயின் ஓரத்தைத் தூக்கி, அடியிலிருந்து எதையோ எடுத்தாள். பழைய துணியில் சுற்றியிருந்தது. துணியைப் பிரித்து எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். நாற்காலியின் ஒரு கை. தொட்டுத் தொட்டு மினுமினுப்பேறிய அந்த அகலமான கட்டையைச் சந்தில் தெரியாதவர் இல்லை.

"அவர் முகம் கழுவப் போனப்ப எடுத்து ஒளிச்சு வச்சேன்" என்றாள். "அன்னியிலேருந்து பிள்ளை இதுமேலதான் படுத்துக் கிடந்தா. ஒரு நாள்கூட எடுக்கல. அவருக்குத் தெரியாது. நாற்காலி எடுத்துக்கிச்சு, நாற்காலி எடுத்துக்கிச்சுன்னு பேசுறீங்களே. நாற்காலி எங்கயும் போகல. பிள்ளைக்கு அடியிலேயேதான் கிடந்துச்சு."

காமாட்சி, "அக்கா, வேணாம், உக்காருக்கா" என்று கையைப் பிடித்தாள்.

"இரு, இன்னும் சொல்லல." நல்லம்மாள் கையை விடுவித்துக்கொண்டாள். "காலையில அம்மான்னு கூப்பிட்டா. நல்லாத் தெளிவாக் கூப்பிட்டா. நான் அவ மூஞ்சியைப் பாக்கல. பாயைத் தூக்கி, கட்டை இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. அப்பாடான்னு நிமிந்து பாக்கறேன், பிள்ளை கண்ணு நிலைகுத்திருச்சு."

அவள் கணவனைப் பார்த்தாள். நாற்காலியை உடைத்த பிறகு அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வெறும் கட்டைதாங்க. ஆனா எம்பிள்ளை கடைசியாக் கூப்பிட்டது எனக்கு. நான் பாத்தது இதை."

பிள்ளையைக் குளிப்பாட்ட முற்றத்து அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார்கள். நல்லம்மாள் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய், பானைக்குக் கீழே தள்ளினாள். அது பற்றிக்கொள்ள நேரம் பிடித்தது. அது முழுவதும் எரிகிறவரை அவள் அங்கேயே நின்றாள். அந்தத் தண்ணீரில்தான் கிருபையைக் குளிப்பாட்டினார்கள்.

அருமைநாயகம் அப்போதுதான் வாய்விட்டு அழுதார். அடுப்படியைப் பார்த்து அல்ல. முன்பு கல்லின் முன்னால் அழுதபோது மன்னிப்பு மட்டும்தான் கேட்டார்; கல்லிடம் வேறு என்ன கேட்க முடியும்? இப்போது, ஏன் ஆண்டவரே, ஏன் என்று கேட்டு அழுதார். கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனால்தான் அப்படி அழ முடியும். பதில் வந்ததா என்று இதை எழுதுகிறவன் கேட்டான். "கடைசிவரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றார் நல்லம்மாள்.

சவப்பெட்டியின் ஒரு முனையை ஹமீது தூக்கினார். காமாட்சி கல்லறைத் தோட்டம்வரை நல்லம்மாளின் கையை விடவில்லை. காமாட்சி தன் சாமியை விடவுமில்லை, சபைக்கு வரவுமில்லை. ஆனால் அதன் பிறகு வாசலில் யாராவது ஊதுபத்தியோடு வந்து வழி கேட்டால், "இங்க ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்லி அனுப்புகிறவள் அவளாகத்தான் இருந்தாள்.

போதகர் வந்தபோது தங்கையா எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். போதகர் பிரசங்கம் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். தங்கையா சாவியை எடுத்துக்கொண்டு தாமே பின்னறைக்குப் போனார். அதை நீட்டி, "மணி அடிக்க நேரமாச்சு" என்றார். அருமைநாயகம் வாங்கிக்கொண்டு போய் மணி அடித்தார். இறக்கிறவரை அவர்தான் அடித்தார். நாற்காலி இருந்த இடத்தில் ஒரு சாதாரண பெஞ்சைப் போட்டார். ஆராதனை முடிந்ததும், வந்தவர்கள் எல்லாரும் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்து பேசினார்கள்.

சாகுமுன் அவர் நல்லம்மாளிடம் ஒன்றுதான் சொன்னார். கல்லறைமேல் கல் வேண்டாம், பூ வேண்டாம், படம் பிடித்து மாட்ட வேண்டாம். "நம்ம சனங்களுக்கு அன்பு ஜாஸ்தி. எனக்கும்தான்" என்றாராம்.

அதனால் அவரை அடக்கிய இடம் இப்போது தெரியாது, புல் மூடிவிட்டது. நாற்காலியும் சாம்பலாகப் போய்விட்டது. தொட்டுப் பார்க்கவோ எடுத்து வைத்துக்கொள்ளவோ ஒரு பொருளும் மிஞ்சவில்லை. மிஞ்சியது இந்தக் கதை மட்டும்தான். படித்தவர்கள் இதைத் தங்களோடு வைத்துக்கொள்ள வேண்டாம். எழுத்துத் தெரியாத வீடுகளில் வாய்விட்டுச் சொல்லுங்கள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாய் ஒருத்தி எங்காவது இருப்பாள். அவள் காதுவரை இது போய்ச் சேரட்டும்.